உங்கள் ஊர் முன்சீப் எங்கிருந்து வருகிறார்?

"எங்கள் பாகப்பிரிவினை வழக்கு முன்சீப் கோர்ட்டில் இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் நீதிபதிக்கு முப்பது வயதுகூட இருக்காது. இவர் எப்படி இந்த நாற்காலிக்கு வந்தார், அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார், இவர் தீர்ப்பை நம்பலாமா?" என்பது கேள்வி.

முப்பது வருடமாகத் தமிழ்நாட்டின் மாவட்ட நீதிமன்றங்களில் வாதாடி வருகிறேன். என் கட்சிக்காரர்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பார்கள், பெரும்பாலும் கோர்ட் வராந்தாவில், குரலைத் தாழ்த்திக்கொண்டு. இதில் தயங்க எதுவும் இல்லை. நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்விதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் குடும்பத்தில் யார் சொல்வது உண்மை என்று முடிவு செய்யப்போவது அநேகமாக இந்த இளைஞர்தான். "அப்பீல் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். முன்சீப் தீர்ப்புக்கு எதிராக சப் கோர்ட்டுக்கு, அதாவது சார்பு நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே சாட்சியங்களை மறுபடி எடை போடுவார்கள் என்பதும் சரிதான். ஆனால் அந்த நீதிபதி உங்கள் சித்தப்பாவை நேரில் பார்க்கப் போவதில்லை. அவர் சொன்னதைத் தட்டச்சு செய்த தாள்களைத்தான் பார்ப்பார். அதற்கு மேலே உயர் நீதிமன்றத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால்தான் உள்ளே எடுப்பார்கள். யார் பொய் சொன்னார் என்ற விவகாரம் பொதுவாக அங்கே எடுபடாது. ஆகவே முன்சீப்பின் பின்னணியைப் பற்றி நீங்கள் கேட்பது, உங்கள் வழக்கின் மிக முக்கியமான மனிதரைப் பற்றிக் கேட்பதுதான்.

சரி, அவர் எப்படி வந்தார்?

'மாவட்ட முன்சீப்' என்பது மக்கள் வாயில் நிலைத்துவிட்ட பழைய பெயர். இப்போதைய பதவிப் பெயர் உரிமையியல் நீதிபதி. அரசியல் சட்டத்தின் 234ஆவது பிரிவின்படி, உயர் நீதிமன்றத்தையும் தேர்வாணையத்தையும் கலந்து ஆளுநர் நியமிக்கும் பதவி அது. தமிழ்நாட்டில் இதற்கான தேர்வை டிஎன்பிஎஸ்சி நடத்துகிறது. 2023இல் 245 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என்று மூன்று கட்டம். முதல்நிலை வடிகட்டுவதற்கு மட்டும். ஆளைத் தீர்மானிப்பது முதன்மைத் தேர்வு. நான்கு தாள்கள், 400 மதிப்பெண். நேர்முகத்துக்கு 60.

அந்த நான்கு தாள்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒன்று முழுக்க மொழிபெயர்ப்பு. சாட்சியின் வாக்குமூலம், பத்திரம், தீர்ப்பு இவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்ற வேண்டும். சட்டம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் பலர் சறுக்குவது இங்கேதான். இந்தத் தாளை நான் மிகவும் மதிக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. 1976இல் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, கீழ்நிலை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பதிவு செய்வதற்கும் தீர்ப்பு எழுதுவதற்கும் தமிழைக் கொண்டுவந்தார்கள். உங்கள் பாட்டி கூண்டில் நின்று "அந்தக் காணியை அவரு அனுபவிச்சுக்கிட்டுதான் இருந்தாரு, ஆனா எழுதிக் குடுக்கல" என்று சொன்னால், அனுபவம் வேறு, உரிமை வேறு என்று அந்தப் பாட்டி பிரித்துச் சொன்ன வித்தியாசம் தாளில் அப்படியே ஏற வேண்டும். "அவர் வசம் இருந்தது" என்று மொட்டையாக ஏறிவிட்டால் வழக்கின் போக்கே மாறிப் போகும். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு அப்பீலில் நிற்பார். நான் அப்படி நின்றிருக்கிறேன்.

இன்னொரு தாள் சட்டங்களைப் பற்றியது. மற்ற இரண்டும் செய்துகாட்ட வேண்டியவை. உரிமையியல் வழக்கில் கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகளை, அதாவது எழுவினாக்களை, வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். குற்ற வழக்கில் குற்றச்சாட்டை வனைந்து தீர்ப்பு எழுத வேண்டும். மனப்பாடம் அங்கே அதிக தூரம் கொண்டுபோகாது.

அடுத்து, "வக்கீலாக இருந்தவரா" என்ற கேள்வி. இதற்கு எல்லா நீதிபதிகளுக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் விதியே மாறி மாறி வந்திருக்கிறது. 1993இல் உச்ச நீதிமன்றம், மூன்று வருடமாவது வக்கீல் தொழில் செய்தவர்தான் முன்சீப்பாக வரலாம் என்றது. அப்புறம் நீதிபதிகளின் சம்பளத்தையும் பணி நிலைமையையும் ஆராய்ந்த ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, 2002இல் அந்தத் தடையை எடுத்தது. மூன்று வருடம் கோர்ட்டில் கழித்த நல்ல மாணவர்கள் இந்தப் பதவிப் பக்கம் திரும்புவதில்லை என்பது அப்போது சொன்ன காரணம். அதன் பிறகு சட்டக் கல்லூரியை விட்டு வெளியே வந்த கையோடு தேர்வு எழுதி, இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் நீதிபதி ஆனவர்கள் உண்டு. 2025 மே 20 அன்று தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான அமர்வு மூன்று வருட அனுபவத்தை மறுபடி கட்டாயமாக்கியது. வக்கீலாகத் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்து அந்த மூன்று வருடத்தைக் கணக்கிடலாம். நீதிபதிகளிடம் சட்ட உதவியாளராக இருந்த காலமும் சேரும். அதற்கு முன்பே அறிவிப்பு வெளியான தேர்வுகளுக்கு இது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகவே இப்போது பெஞ்சில் இருக்கும் இளம் நீதிபதிகளில் தொழில் செய்துவிட்டு வந்தவரும் உண்டு, நேராக வந்தவரும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், 2025 தீர்ப்பு சரியானதுதான். ஒரு குமாஸ்தா வாய்தா தேதிக்காக எத்தனை முறை ஏறி இறங்குகிறார், நகல் மனுவுக்கு எத்தனை நாள் ஆகிறது, தன் கட்சிக்காரர் வராத நாளில் ஒரு ஜூனியர் வக்கீலின் வயிறு எப்படிக் கலங்கும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் மேலே உட்கார்ந்தால், கீழே நிற்பவர்களிடம் அவர் பேசும் விதமே வேறாக இருக்கும். ஆனாலும் நேராக வந்தவர்கள் எல்லோரும் குறைந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். 2024இல் திருவண்ணாமலை மாவட்டத்து மலைப்பகுதியிலிருந்து ஒரு பழங்குடிப் பெண், 23 வயதில், குழந்தை பெற்ற இரண்டே நாளில் போய் எழுதிய தேர்வில் தேர்ச்சி பெற்றார். முதலமைச்சர் வாழ்த்தினார், செய்தி எல்லோருக்கும் தெரியும். அவர் பார்த்த வாழ்க்கை பத்து வருட வக்கீல் தொழிலுக்குக் குறைந்ததா? மூன்று வருடம் சம்பளமில்லாமல் சீனியர் ஆபீஸில் உட்கார வசதியில்லாத இப்படிப்பட்ட பிள்ளைகளை இந்த விதி வெளியே நிறுத்திவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஜூனியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் சிறு ஊர்களில் வேரூன்றினால் ஒழிய அந்தக் கவலை தீராது.

தேர்வானவுடன் கோர்ட்டைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சியகம் இருக்கிறது. மதுரையிலும் கோவையிலும் அதன் மண்டல மையங்கள். அங்கே வகுப்புகள் உண்டு. அனுபவமுள்ள நீதிபதிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் உண்டு. அதன் பிறகுதான் ஏதோ ஒரு தாலுகா ஊருக்கு முதல் போஸ்டிங். சொந்த ஊர்ப் பக்கமோ, குடும்பத்தில் யாராவது வக்கீலாக இருக்கும் இடத்திலோ பொதுவாகப் போட மாட்டார்கள். சிறிய ஊர் என்றால் முன்சீப்பும் அவர்தான், மாஜிஸ்திரேட்டும் அவர்தான். காலையில் வரப்புத் தகராறு, மதியம் அடிதடி வழக்கு.

மாஜிஸ்திரேட் வேலை வெளியே அதிகம் தெரியாது, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கைதான யாரையும் 24 மணி நேரத்துக்குள் நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு. அந்த 24 மணி நேரம் ஆபீஸ் நேரம் பார்த்து முடிவதில்லை. இரவு பதினொரு மணிக்கு நீதிபதி குடியிருப்பு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, அந்த ஆளைப் பார்த்து, "அடித்தார்களா, காயம் இருக்கிறதா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா" என்று கேட்டு, அப்புறம்தான் ரிமாண்டா விடுதலையா என்று எழுத வேண்டும். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணின் மரண வாக்குமூலத்தை எழுதப் போக வேண்டும். அவள் பேசும் நிலையில் இருக்கிறாளா என்று டாக்டரிடம் கேட்டு, போலீஸையும் உறவினரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். சிறைக்குள் அடையாள அணிவகுப்பு நடத்த வேண்டும். காவலில் யாராவது இறந்தால் விசாரிக்க வேண்டியவரும் இவரே. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவின்பேரில் அந்தக் காவல் நிலையத்துக்குள் போய் ஆவணங்களைக் கேட்டவரும், உள்ளே ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதியவரும் கோவில்பட்டி நடுவர் ஒருவர்தான். அங்கே இரவுப் பணியில் இருந்த ஒரு பெண் காவலரின் சாட்சியத்தைப் பதிவு செய்தவரும் அவரே. பதவி அடுக்கில் இவரும் உங்கள் முன்சீப்பும் ஒரே படி.

இந்தப் படிக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் கோர்ட்டுகளில் முன்சீப்பாக இருந்தவர். சட்டம் மக்களுக்குப் புரிய வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தார். முத்துசுவாமி ஐயர் சிறுவயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவரும் தரங்கம்பாடியில் முன்சீப்பாக இருந்தார். 1877இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். கேரளத்தில் பாத்திமா பீவி 1958இல் முன்சீப்பாகத் தொடங்கி, ஒவ்வொரு படியாக ஏறி, 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார். பிற்காலத்தில் நம் மாநிலத்துக்கு ஆளுநராகவும் வந்தார்.

ஏணி இப்படி இருக்கும். முன்சீப்பாகச் சில வருடம், அடுத்து சார்பு நீதிபதி. தலைமைக் குற்றவியல் நடுவரும் அதே நிலை. அதற்கு மேலே மாவட்ட நீதிபதி. அவரே அமர்வு (செஷன்ஸ்) நீதிபதியும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம், தலைமை நடுவர் ஏழு வருடம் வரை. அமர்வு நீதிபதி தூக்குத் தண்டனையே விதிக்கலாம், ஆனால் உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது செல்லும். மாவட்ட நீதிபதி பதவிக்குப் பக்கவாட்டில் இன்னொரு வாசலும் உண்டு. ஏழு வருடம் தொழில் செய்த வக்கீல்கள் நேரடித் தேர்வு எழுதி உள்ளே வரலாம். அந்த இடங்களில் கால்வாசி அவர்களுக்கு. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுகளில் வாதாடிக்கொண்டிருந்த ஆர்.பானுமதி 1988இல் இந்த வாசல் வழியாக வந்து உச்ச நீதிமன்றம் வரை போனார். கீழேயே வேலை பார்க்கும் நீதிபதிகளுக்கு இந்த வாசல் மூடியே இருந்தது. 2025 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்த காலத்தைச் சேர்த்து ஏழு வருடம் ஆனால் அவர்களும் எழுதலாம் என்றது. திறமையுள்ள முன்சீப்புகளுக்கு இது பெரிய கதவு.

சம்பளம் பற்றியும் கேட்பார்கள். நீதிபதிகளின் சம்பளத்தை ஆராய்ந்த பி.வி.ரெட்டி ஆணையத்தின் பரிந்துரைப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.77,840. ஓய்வு வயது 60. இடமாற்ற உத்தரவுகள் வழக்கமாகக் கோடையை ஒட்டி வரும். ஓர் ஊரில் மூன்று வருடம் இருந்தால் அதிகம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வயதான பெற்றோர் எல்லாம் அந்த உத்தரவோடு நகர வேண்டும். ஊர்க் கல்யாணத்துக்குப் போக முடியாது, யார் வீட்டிலும் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது, ஏனென்றால் அந்த வீட்டுக்காரரின் வழக்கு நாளைக்கு வரலாம். மேலிருந்து கணக்கும் உண்டு. மாதத்துக்கு எத்தனை வழக்கு முடித்தார் என்று உயர் நீதிமன்றம் பார்க்கிறது. அரசியல் சட்டத்தின் 235ஆவது பிரிவு அந்தக் கட்டுப்பாட்டை முழுவதும் அதன் கையில் கொடுத்திருக்கிறது. இந்தக் கணக்கு சிலசமயம் கெடுதலும் செய்கிறது. சுலபமாக முடியும் வழக்குகள் முன்னால் வர, உங்களுடையது போன்ற இருபது வாரிசு உள்ள பாகப்பிரிவினை வழக்கு பின்னால் தள்ளிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்காக நீதிபதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நம்பலாமா?

பல வருடம் முன்னால் எனக்கு ஒரு பாதை வழக்கு இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் வண்டிப்பாதையை அடைத்துவிட்டார், அப்படி ஒரு பாதையே இருந்ததில்லை என்றும் வாதாடினார். இடத்தைப் பார்வையிடக் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கை இருந்தது, வரைபடம் இருந்தது, இரண்டு பக்கமும் நான்கு நான்கு சாட்சிகள். முன்சீப் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர் என் குறுக்கு விசாரணையில் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். ஆனால் "அந்தப் புளியமரத்துக்கு எந்தப் பக்கம் வேலி?" என்று கேட்டபோது தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். முன்சீப் போகவில்லை. "சாட்சி பதில் சொல்லுமுன் பிரதிவாதித் தரப்பு வழக்கறிஞரைப் பார்த்தார்" என்று தானாகவே பதிவு செய்யச் சொன்னார். சாட்சியின் நடத்தையைக் குறித்துவைக்க நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 12 அவருக்கு அதிகாரம் தருகிறது. பெரும்பாலானோர் அதைத் தொடுவதே இல்லை. அப்புறம் ஒரு சனிக்கிழமை, இரண்டு தரப்பு வக்கீல்களையும் வரச் சொல்லி, வெயிலில் அந்த நிலத்தில் நடந்தார். அதற்கும் அதே கட்டளையில் விதி 18 இருக்கிறது. புளியமரத்தடியில் பழைய வண்டித் தடம் கல்லாக இறுகிக் கிடந்தது. அப்பீலில் முன்சீப்பின் தீர்ப்பை சப் கோர்ட் உறுதி செய்தபோது அந்த ஒரு வரிக் குறிப்பையும் மேற்கோள் காட்டியது.

இதனால்தான் 'கீழ் கோர்ட்' என்ற சொல் எனக்குப் பிடிப்பதில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், விசாரணை நீதிமன்றத்தின் ஆவணங்களைக் கீழ் நீதிமன்ற ஆவணங்கள் என்று இனிக் குறிப்பிடக் கூடாது என்று தன் பதிவகத்துக்கே சொன்னது.

வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று வாய்தா நாள்களில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் தடுக்க மாட்டார்கள். சாட்சி பேசும்போது நீதிபதி சாட்சியைப் பார்க்கிறாரா, வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். சாட்சி சொன்னதைத் தட்டச்சருக்குச் சொல்லும்போது சாட்சியின் வார்த்தை இருக்கிறதா, சுருங்கிப் போகிறதா என்று கேளுங்கள். வக்கீல் இல்லாமல் வந்து நிற்கும் கிழவியிடம் எப்படிப் பேசுகிறார் என்பதையும். அவருடைய பழைய தீர்ப்புகளை நீதிமன்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் அவரை நேரில் சந்திக்கவோ, தெரிந்தவர் மூலம் சொல்லி அனுப்பவோ மட்டும் நினைக்காதீர்கள்; உங்கள் வழக்கையே அது கெடுத்துவிடும். பாரபட்சம் என்று சொல்ல உண்மையான காரணம் இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆவது பிரிவில் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்கை மாற்றக் கேட்கலாம். வெறும் சந்தேகத்துக்கு அதைச் செய்ய வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படுங்கள். உங்கள் அப்பா இன்னும் சாட்சி சொல்லவில்லை என்றால், இந்த நீதிபதி இருக்கும்போதே சொல்ல வைக்கப் பாருங்கள். பாதியில் இடமாற்றம் வந்தால், வருகிறவர் முன்னவர் பதிவு செய்ததை வைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று கட்டளை 18, விதி 15 சொல்கிறது. சட்டப்படி நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் என் கட்சிக்காரர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். எழுபது வயதுக்காரர், இரண்டு நாள் கூண்டில் நின்று, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சாட்சி சொன்னார். விவாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்தார்கள். முப்பது நாளில், மிஞ்சினால் அறுபது நாளில் சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்குள் சொல்லவில்லை. இடமாற்றம் வந்துவிட்டது. புதிய நீதிபதி முன்னால் மறுபடி விவாதம் செய்தேன். அவர் நல்லவர், பொறுமையாகக் கேட்டார். ஆனால் அந்தப் பெரியவர் பேசியதை அவர் பார்க்கவில்லை. கோடை விடுமுறைக்கு இன்னும் எத்தனை வாய்தா இருக்கிறது, இந்த நீதிபதி வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நாளைக்கே உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.